யார் பால் என்று கேட்டார்கள்

என் மகள் இருபத்தேழாவது வாரத்தில் பிறந்தாள். எனக்கு ஏறிய ரத்த அழுத்தம் இறங்க மறுத்ததால் அறுவை செய்து எடுத்தார்கள். எடை தொள்ளாயிரத்துப் பத்து கிராம். முதல் நாள் வந்த வாழ்த்துச் செய்திகளில் பாதி அந்த எடையைப் பற்றியவை. "ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைவிடக் கம்மியா?" என்று என் கணவரின் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பக்கத்தில் அழுகிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார். இன்னொருவர் "பி ஸ்ட்ராங்" என்று எழுதி, அதே நிமிடத்தில் எங்கள் குழுவிலிருந்த இன்னொருவருக்குப் பிறந்தநாள் கேக் படமும் அனுப்பியிருந்தார்.

இரண்டாம் நாள் காலை மருத்துவர் என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீனப் பெண்மணி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. குழந்தைக்கு இப்போது ரத்தக்குழாய் வழியாகத்தான் உணவு போகிறது, அதற்காகச் செருகிய குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்றும் ஆபத்து கூடுகிறது, குடலைச் சும்மா விட்டால் அது வேலை செய்யப் பழகாது என்றார். ஆகவே இன்றே வாய்வழியாகப் பால் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லிலிட்டர். தாய்ப்பால்தான் முதலில். அது போதாவிட்டால் பால் வங்கியிலிருந்து வேறு தாய்மார்கள் தந்த பால். அதைத் தந்தவர்களைப் பரிசோதித்திருக்கிறார்கள், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியிருக்கிறார்கள். பசும்பாலில் செய்த மாவுப்பால் கடைசி வழி. இந்த அளவுக் குழந்தைகளில் சிலருக்கு அது குடலை அழுகச் செய்துவிடும்.

பிறகு வங்கிப் பாலுக்கான ஒப்புதல் தாளை நீட்டினார். அம்மாவோ அப்பாவோ, ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

என் பால் அப்போது நான்கு மணி நேரத்துக்கு ஏழெட்டுச் சொட்டு. பம்ப் அறையின் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. அதில் ஒரு தாய் வெள்ளைச் சட்டை போட்டு, கொழுத்த குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே நாங்கள் ஆறு பேர் மார்பில் புனல் வைத்துக்கொண்டு, ஒருவர் பாட்டிலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் சொட்டுகளைத் தாதி பஞ்சுக் குச்சியில் தொட்டு மகளின் கன்னத்து உட்புறத்தில் தடவுவார். அதற்கு மேல் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

தாளில் என் பெயர் அச்சாகியிருந்தது. பேனா மருத்துவர் கையில் இருந்தது. நான் சொன்னேன்: "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

இருபது ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறர் எழுதிய எத்தனையோ வெட்டி வாக்கியங்களை அடித்திருக்கிறேன். நான் வாயால் சொன்னவற்றில் அதைவிட வெட்டியான வாக்கியம் இன்னொன்று இல்லை. வீட்டில் யாருக்கும் குழந்தைகளின் குடலைப் பற்றி எதுவும் தெரியாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். மின்விசிறி வாங்கினாலும் கேட்போம்.

முதலில் என் அக்காவிடம் கேட்டேன். நாங்கள் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் அப்பாவும் இங்கே பிறந்தவர்தான். அக்கா தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கி, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டுச் செய்து எடுத்து வந்திருந்தாள். நான் மூன்று வாய் சாப்பிடும்வரை பொறுத்தாள்.

"பேங்க் பால்னா யார் பாலு? சீனவங்களா, மலாய்க்காரங்களா?"

"சொல்ல மாட்டாங்க. நாலைஞ்சு பேர் பாலைக் கலந்தும் வெச்சிருப்பாங்களாம்."

"ஐயே, கலந்தா? பன்னி சாப்பிட்டிருப்பாங்களே."

"நீ போன வாரம் ஃபுட் கோர்ட்ல எந்தத் தட்டுல சாப்பிட்டே?"

"அது வேற லா. அது கழுவுன தட்டு."

அறுவை முடிந்த அன்று எனக்கு இரண்டு பை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். பையில் ரத்தம் குறைவதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் சாப்பிட்டாள். யார் ரத்தம் என்று அவள் கேட்கவில்லை.

சமூக விழாக்களில் மேடை ஏறுகிறவர்கள் சொல்வதை ஆண்டுதோறும் செய்தியாக்கியிருக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழரிடம் சாதி இல்லை என்பார்கள். நாற்காலிகளில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். அந்த வரியை நான் ஒருமுறையும் வெட்டியதில்லை. என் அக்கா அந்த வரியை முழுமையாக நம்புகிறவள். அவளுக்குச் சாதி கிடையாது. தட்டு மட்டும்தான் உண்டு.

என் கணவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரை இங்கே வரவழைத்தவர் அவருடைய அண்ணன், வீட்டுக்கு மூத்தவர். வேலை, வாடகை அறை, நிரந்தரவாசத்துக்கான விண்ணப்பம் எல்லாவற்றிலும் முதல் வரியை அவர்தான் எழுதிக் கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் கடைசி வரியும் அவருடையதுதான். ஊர்க்காரர்கள் சங்கத்தில் செயலாளர். யார் எந்த ஊர், எந்த வகையறா, யார் வீட்டில் பெண் இருக்கிறது என்று கேட்டால் கைத்தொலைபேசியைப் பார்க்காமலே சொல்வார். அன்று மாலை மருத்துவமனைக்கு வந்தார்.

"ஏனம்மா, அந்தப் பேங்க் பாலு யாரு பாலுன்னு கேட்டீங்களா?"

"அதைச் சொல்ல மாட்டாங்க மாமா."

"சொல்ல மாட்டாங்கன்னா எப்படிங்கம்மா? ஒரு பாக்கெட் பாலு வாங்குனாக்கூட எந்தப் பண்ணைன்னு போட்டிருக்குது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தியெல்லாம் பாலு வழியாத்தான் வருது. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல எடம் பார்க்கோணும். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

குழந்தை ஒரு முழம்கூட நீளம் இல்லை. கண் இமைகள் அப்போதுதான் பிரிந்திருந்தன. அவர் அதற்குள் அதன் திருமணத்துக்கு வந்துவிட்டார்.

"நம்ம சனத்துலயே பாலு குடுக்கற புள்ளைக இல்லியா? நான் பார்த்துக்கறேன். தம்பி, நீ காலைல போனை எடு."

அடுத்த இன்குபேட்டரில் ஒரு மலாய்ப் பெண்ணின் மகன் இருந்தான். அவளுக்கும் அதே தாளைக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் அவர்கள் முறைப்படி உடன்பிறந்தவர்கள் ஆகிறார்கள். அதனால் நாளை தெரியாமல் ஒரு தங்கையையே மணந்துவிடுவானோ என்று பயந்தாள். வராந்தாவில் நின்று ஓர் உஸ்தாஸை, அதாவது மார்க்க ஆசிரியரை, தொலைபேசியில் அழைத்தாள். அவர் சொன்னதைக் கேட்டாள். அரை மணி நேரத்தில் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள். அவள் கேள்வி, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு உறவாகிவிடுவதைப் பற்றியது. நாங்கள் அந்தப் பெண்ணைக் குழந்தையின் அருகில் விடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் மகனுக்கு அன்று மாலையே முதல் மில்லிலிட்டர் போயிற்று. என் மகள் வெறும் வயிற்றோடு கிடந்தாள்.

மறுநாள் காலை என் கணவர் நீல நிற வெந்நீர்க் குடுவை ஒன்றோடு வந்தார். தோ பாயோவில் ஒரு பெண். அவள் கணவர் மூத்தவரின் கீழ் வேலை பார்க்கிறார். அவர்களுக்கு நான்கு மாதக் குழந்தை. காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி நிலைய வாசலில் அந்தக் கணவர் வந்து குடுவையைக் கொடுத்திருக்கிறார். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறார். உள்ளே ஐஸ் போட்டிருந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவர் பொறியாளர்.

பணியில் இருந்த மூத்த தாதி தமிழ்ப் பெண். குடுவையை வாங்கக்கூட இல்லை.

"சார், இது முடியாது லா. வேற ஆளோட பாலு டெஸ்ட் பண்ணல, ஹீட் பண்ணல. உங்க மிஸஸோட பாலுன்னா நாங்க எடுப்போம்."

"தெரிஞ்ச குடும்பம்தாங்க."

"சார், கிருமிக்கு அதெல்லாம் தெரியாது."

அவர் குடுவையோடு நின்றார். "அண்ணன்கிட்ட என்ன சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். இன்குபேட்டருக்குள் எங்கள் மகள் வாயைத் திறந்து மூடினாள். ஏறக்குறைய ஒரு நாளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய பால் இன்னும் தொடங்கவில்லை. நான் தாதியிடம் அந்தத் தாளைக் கேட்டேன். கையெழுத்துப் போட மூன்று விநாடி ஆயிற்று.

அரை மணி நேரத்தில் பால் வந்தது. சிரிஞ்சின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு மில்லிலிட்டர். தாதி சிரிஞ்சை வாய்க்குழாயில் பொருத்தி, உந்தாமல், உயரத் தூக்கிப் பிடித்தார். பால் தானாக இறங்கிற்று. இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன் வயிற்றில் ஏதும் தங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "குடிச்சிட்டா," என்றார். அந்த வாரம் நான் கேட்டவற்றில் கலப்படமில்லாத செய்தி அது ஒன்றுதான்.

மூத்தவரிடமிருந்து அதன்பின் சத்தம் இல்லை. குடும்பக் குழுவில் பூங்கொத்துகளும் கும்பிடும் கைகளும் வந்துகொண்டிருந்தன. எனக்கு அது வியப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்ட நான்காம் நாள், பம்ப் பாகங்களைக் கழுவ வார்டை ஒட்டிய சிறு சமையலறைக்குப் போனேன். என் கணவர் கழுவுதொட்டியின் முன் நின்றிருந்தார். நீலக் குடுவையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். பால் துவாரத்தைச் சுற்றி ஒருமுறை சுழன்று இறங்கிற்று. அவர் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார்.

"அண்ணன்கிட்ட, வாங்கிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன்," என்றார்.

"தினமும் வருதா?"

"தினமும்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அண்ணனுக்குப் போயிடும்."

இந்த இடத்தில் நான் செய்தது என்ன என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். புனல்களைக் கழுவினேன், துடைத்தேன், பையில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் சத்தம் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. மகளுக்குப் பாதுகாப்பான பால் போய்க்கொண்டிருந்தது. வேறொரு பெண் தோ பாயோவில் காலை ஐந்து மணிக்கு எழுந்து கறந்தது தொட்டியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். கணவரைக் கோழை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. கோழை அவர் ஒருவர்தான் என்று ஆகிவிடுகிறது அல்லவா.

ஒரு மில்லிலிட்டர் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. எட்டாம் நாள் வயிறு உப்பியது. பாலை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் என் கணவர் மெல்ல, "அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ," என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று நாங்கள் ஒரே வீட்டில் இருக்க மாட்டோம். படத்தில் காற்றுதான் இருந்தது, அழுகல் இல்லை. ஒரு நாள் பொறுத்து மறுபடி ஒரு மில்லிலிட்டரிலிருந்து தொடங்கினார்கள்.

என் பால் மெதுவாக ஏறியது. சுறாவாலா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததாலா என்று அக்காவிடம் விவாதிக்கவில்லை. மூன்றாவது வாரத்தின் முடிவில் என் பாலே போதும் என்றார்கள். ஆனால் அது மட்டும் இவள் வளர்ச்சிக்குப் போதாது, எலும்புக்கும் எடைக்கும் கூடுதல் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும் என்று ஒரு சத்துப்பொடியைக் கலக்கத் தொடங்கினார்கள். பொடி பசும்பாலிலிருந்து எடுத்தது. குடல் இப்போது தாங்கும் என்றார் மருத்துவர். கணவர் அதை அண்ணனிடம் சொன்னார். மூத்தவர் உடனே சரி என்றார். அந்தப் பசு எந்த நாடு, என்ன வகையறா என்று விசாரிக்கவில்லை.

பால் வங்கியை நிறுத்திய அன்றுதான் தோ பாயோவுக்கும் போதும் என்று தகவல் போயிற்று. பதினெட்டு நாள்.

முழு அளவு வாய்வழியாகப் போகத் தொடங்கியதும் ரத்தக்குழாயில் செருகியிருந்த குழாயை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு. அவ்வளவுதான். பத்து வாரம் கழித்து, இரண்டு கிலோ இருநூறு கிராமில், மகளைப் பொங்கோலிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு யாரும் வர வேண்டாம், தொற்று ஆபத்து என்று எழுதி அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். பத்து நாள் கழித்து மூத்தவர் வந்தார்.

தனியாக வரவில்லை. தோ பாயோப் பெண்ணையும் அவள் கணவரையும் குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். ஒரு தட்டில் பட்டுப்புடவை, வெற்றிலை, ஆப்பிள். அவளை என் எதிரே உட்காரவைத்து, "இந்தப் புள்ளைக்கு நீயும் ஒரு தாய்தான். தம்பி, தட்டை எடுத்துக் குடு," என்றார். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகவும் சொன்னார்.

அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் மகள் ஏழு மாதத்துப் பெண். நன்றாக உட்கார்ந்து, தட்டிலிருந்த ஆப்பிளைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் என் மகளைக் குனிந்து பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "தொடலாமாக்கா?" என்றாள். தொட்டாள். "என் பாலு இதுக்கு ஒத்துக்குச்சான்னு தினமும் நினைச்சுக்குவேன்," என்றாள்.

என் கணவர் தட்டோடு எழுந்து நின்றார். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது.

"உன் பாலைக் கொடுக்கல," என்றேன். "ஆஸ்பத்திரியில எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பேங்க் பால்தான் கொடுத்தோம்."

அவள் புரியாமல் சிரித்தாள். "எப்பக்கா சொன்னாங்க?"

"முதல் நாளே."

"அப்ப டெய்லி வாங்கிட்டுப் போனது?"

"ஊத்திட்டோம்."

அவள் கணவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் தம்பியைப் பார்த்தார். அவள் தன் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு அவ்வளவு ஊறாதுக்கா. இவளுக்கு டப்பாப்பால் குடுத்துட்டுத்தான் உங்களுக்குக் கறந்து குடுத்தேன். முதல்ல ரெண்டு நாளு வயித்தால போச்சு இவளுக்கு. சார் சொன்னாருன்னு…" நிறுத்திவிட்டாள். "அப்புறம் இவ எங்கிட்டக் குடிக்கவே மாட்டேன்னுட்டா."

மூத்தவர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என்னிடம் திரும்பினார்.

"அப்ப யாரு பாலுங்கம்மா குடிச்சுது புள்ளை?"

"தெரியாது மாமா. நாலைஞ்சு பேர் இருக்கும்."

"கேக்கவே இல்லியா?"

"இல்லை."

அவர் தொட்டிலைப் பார்த்தார். என் மகள் விழித்துக்கொண்டு, கைகளை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு, பசிக்குச் சிணுங்கத் தொடங்கினாள். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். அரை அடிகூட இருக்காது. என் கணவர் அதைப் பார்த்தார். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு மகளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவு.

அந்தப் பெண் எழுந்தாள். புடவையை எடுக்கவில்லை. தன் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நான் பால் கொடுப்பதை நின்று பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இவ நல்லா இழுக்கறாளே," என்றாள்.

"ம்."

"எடை ஏறிடும்க்கா."

வாசலில் அவள் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. அவள் கணவர், சார் இன்னும் உள்ளே இருக்கிறாரே என்று ஏதோ முணுமுணுத்தார். "அவரு வரட்டும், நம்ம போலாம்," என்றாள். லிஃப்ட் வந்து போனது. மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. மகள் குடித்துக்கொண்டிருந்தாள், அதனால் எழுந்து போக முடியவில்லை என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டே போயிருக்கலாம்.